மாண்டிசோரி பள்ளி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜனவரி பிறந்தால் போதும், இரண்டரை வயதுக் குழந்தை இருக்கிற வீடுகளில் ஸ்கூல் பேச்சு ஆரம்பித்துவிடும். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் மாண்டிசோரி வகுப்பில் நான் டீச்சர். அட்மிஷன் நேரத்தில் அம்மா அப்பாக்களும் தாத்தா பாட்டிகளும் என்னிடம் கேட்கிற கேள்விகளை, அவர்கள் கேட்கிற மாதிரியே எடுத்து, என்னால் முடிந்தவரை நேராகப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஏரியாவில் எங்கே பார்த்தாலும் மாண்டிசோரி போர்டு. எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை, அதனால் யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். வாசலில் மாண்டிசோரி என்று இருக்கும், உள்ளே மூன்று வயதுக் குழந்தை நான்கு கோடு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும். இலங்கையில் பாலர் பள்ளி எல்லாவற்றையுமே மாண்டிசோரி என்று சொல்லுகிற பழக்கம் இருக்கிறது, அங்கேயும் இதே குழப்பம்தான்.

சுருக்கமாகச் சொன்னால், குழந்தையின் கை, கவனம், பொறுமை, பேச்சு, கணக்கு, மற்றவர்களோடு பழகும் விதம் இதெல்லாம் தனித்தனியாகச் சொல்லித்தர வேண்டிய பாடங்கள் இல்லை, தானே தேர்ந்தெடுத்த ஒரு வேலையில் குழந்தை மூழ்கியிருக்கும்போது இவை எல்லாம் சேர்ந்தே வளருகின்றன என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. மெட்டீரியல் (குழந்தை கையில் எடுத்து வேலை செய்கிற கட்டை, மணி மாதிரியான கற்றல் பொருட்கள்), பாய், அலமாரி எல்லாம் அதற்கான ஏற்பாடு. அந்த மூழ்குதல் நடக்காத இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து மெட்டீரியல் வாங்கி வைத்தாலும் அது மாண்டிசோரி இல்லை என்றுதான் நான் சொல்லுவேன்.

யார் இந்த மாண்டிசோரி? வெளிநாட்டு முறை நமக்குச் சரிப்படுமா?

மரியா மாண்டிசோரி 1870ல் இத்தாலியில் பிறந்தவர். ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1896ல் டாக்டர் ஆனார், பெண்கள் அந்தப் படிப்புக்கு வருவதே அபூர்வமாக இருந்த காலம் அது. முதலில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு வேலை செய்தார். அப்படிப்பட்ட குழந்தைகளுக்காக முன்பே இட்டார்ட், செகின் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் செய்து பார்த்த பயிற்சிகளை எடுத்து வளர்த்தார். 1907 ஜனவரி 6ஆம் தேதி ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அப்பா அம்மா வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கட்டடத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்த குழந்தைகள்தான் அங்கே வந்தவர்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்காக உண்டான முறை இல்லை இது. இன்றைய ஃபீஸைப் பார்த்துவிட்டு நிறைய பேர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்லுகிறேன்.

நமக்கும் இதற்கும் நெருக்கமான தொடர்பு இருக்கிறது. 1934ல் முசோலினியின் ஆட்சியில் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனார், 1936ல் அங்கே உள்நாட்டுப் போர், பிறகு நெதர்லாந்து. 1939ல் பிரம்மஞான சபை (தியசாபிகல் சொசைட்டி) தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவருடைய மனைவி, கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் சென்னை அடையாறுக்கு வந்தார். மகன் மரியோவும் கூடவே வந்தார். அம்மா இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, சுமார் 300 பேர் அந்த முதல் ஆசிரியர் பயிற்சியில் படித்தார்கள்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் வைத்தார்கள், அம்மா அடையாறில் இருந்த சபை வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். அம்மாவின் 70வது பிறந்த நாளான ஆகஸ்ட் 31 அன்று மரியோவை விடுவித்தார்கள். போர் முடியும் வரை ஐரோப்பா திரும்ப முடியாது, ஆகவே இங்கேயே பயிற்சிகள் நடத்தினார். நடுவில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது பல வயதுக் குழந்தைகளோடு செடி, பூச்சி, பாறை, ஓடை என்று வேலை செய்ததில்தான் 6 முதல் 12 வயதுக்கான அவருடைய கல்வித் திட்டம் உருவம் பெற்றது. இன்று உலகம் முழுக்க மாண்டிசோரி தொடக்கப் பள்ளிகளில் நடப்பதில் பெரிய பங்கு நம் கொடைக்கானல் மலையில் வளர்ந்தது. ஆகவே வெளிநாட்டு முறை என்று ஒதுக்கிவைக்கக் காரணமே இல்லை.

காலையில் வகுப்புக்குள் என்னதான் நடக்கும்?

மணி அடித்து முதல் பாடம், இரண்டாம் பாடம் என்று எதுவும் இருக்காது. சுமார் மூன்று மணி நேரம் ஒரே நீட்டாக, இடையில் யாரும் குறுக்கிடாமல் வேலை நேரம். குழந்தை அலமாரிக்குப் போகும், டீச்சர் தனக்கு ஏற்கெனவே செய்து காட்டிய ஒன்றை எடுக்கும், பாயை விரித்து உட்கார்ந்து செய்யும், முடிந்ததும் எடுத்த இடத்திலேயே எடுத்தபடியே திருப்பி வைக்கும். டீச்சர் ஒவ்வொரு குழந்தையாக உட்காரவைத்துப் புதிய வேலையைக் காட்டுவார், மற்ற நேரத்தில் கவனித்துக் குறித்துக்கொள்வார். ஒவ்வொரு மெட்டீரியலும் வகுப்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இன்னொருவர் செய்துகொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். இது பணத்தை மிச்சம் பிடிக்க அல்ல, காத்திருக்கப் பழகுவதற்காகவே அப்படி.

முதல் முறை பார்க்க வருகிற பெற்றோருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். பாட்டு இல்லை, கோரஸ் இல்லை, டீச்சரின் குரலே கேட்காது. ஒரு பையன் நாற்பது நிமிடமாக ஒரே மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பான். அவனை யாரும் கூப்பிடக்கூடாது, "சூப்பர்டா" என்று பாராட்டக்கூடக் கூடாது. பாராட்டும் ஒரு குறுக்கீடுதான். இந்த மூன்று மணி நேரத்தில் டான்ஸ், யோகா, ஆங்கிலப் பேச்சு என்று ஆளாளுக்கு வந்து துண்டு போடுகிற பள்ளிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

தண்ணீர் ஊற்றவும் பாத்திரம் கழுவவுமா ஃபீஸ் கட்டுகிறோம்?

பாட்டிகள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. ஒரு சொம்பிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்ற மூன்று வயதுக் குழந்தைக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று பாருங்கள்: கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மணிக்கட்டு ஸ்திரமாக இருக்க வேண்டும், எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்க வேண்டும், சிந்தினால் துணி எடுத்துத் துடைக்க வேண்டும். எழுதத் தேவையான விரல் பலமும் கணக்குக்குத் தேவையான ஒழுங்கும் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. பட்டன் போடுவது, பூ அடுக்குவது, வெள்ளரிக்காய் நறுக்குவது, செருப்பை ஜோடியாக வைப்பது எல்லாமே இந்தக் கணக்கில் வரும். அதைவிட முக்கியமானது, "என் வேலையை நானே செய்துகொள்வேன்" என்று குழந்தைக்கு வருகிற தெம்பு. அதை எந்த நோட்டுப் புத்தகமும் கொடுக்காது.

அந்தக் கட்டைகளிலும் மணிகளிலும் அப்படி என்ன இருக்கிறது?

பிங்க் டவர் என்ற ஒன்றை எங்கே போனாலும் பார்ப்பீர்கள். பத்து கனசதுரங்கள், சின்னது 1 செ.மீ., பெரியது 10 செ.மீ. பெரியதிலிருந்து சின்னது வரை அடுக்கினால் கோபுரம். சிலிண்டர் பிளாக்கில் பத்து குழி, பத்து உருளை, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னக் குமிழ். குமிழைப் பிடிக்க மூன்று விரல் வேண்டும், அதே மூன்று விரல்தான் பின்னால் பென்சில் பிடிக்கும். ஓர் உருளையை மாற்றிப் போட்டுவிட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும். தப்பு என்று டீச்சர் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும், குழந்தை முகம் வாடாமல் மறுபடி ஆரம்பிக்கும். தப்பைப் பார்த்துப் பயப்படாத குழந்தை உருவாவது இப்படித்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது தங்க நிற மணிகள். ஒரு மணி என்றால் ஒன்று. கம்பியில் கோத்த பத்து மணி ஒரு பத்து. பத்து கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்து சதுரங்கள் சேர்ந்த கட்டி ஆயிரம். நான்கு, நான்கரை வயதில் ஆயிரத்தைக் கையில் தூக்கிப் பார்க்கிற குழந்தைக்கு அது எவ்வளவு கனம், நூறு எவ்வளவு லேசு என்று உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. பிறகு 2,345ஐத் தட்டில் எடுத்துவா என்றால் எடுத்துவருகிறது, இரண்டு பேர் தட்டைச் சேர்த்து எண்ணினால் கூட்டல். பத்து சேர்ந்ததும் மாற்றிக்கொள்ள, மணிகளை மொத்தமாக வைத்திருக்கிற "பேங்க்"குக்கு ஓடுகிறார்கள். இடமதிப்பை எழுதிப் படிக்கிற இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தமிழ் எழுத்து எப்படிச் சொல்லித்தருவீர்கள்? 247 எழுத்து ஆயிற்றே.

முதலில் எழுத்தே இல்லை, ஒலிதான். "'ம'வில் தொடங்குகிற பொருள் எது?" என்று விளையாட்டாகத் தொடங்கும். அப்புறம் உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து எழுதும் திசையிலேயே தடவியபடி ஒலியைச் சொல்ல வேண்டும். காதும் கண்ணும் விரலும் ஒரே நேரத்தில் அந்த எழுத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்து வெட்டி எடுத்த எழுத்துகளைப் பாயில் அடுக்கிச் சொல் கட்டுவது. பென்சில் இன்னும் கைக்கு வசப்படாத குழந்தைகூட இதைச் செய்துவிடும்.

12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், 216 உயிர்மெய் என்று மொத்தத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைத்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். நாங்கள் படம், மரம், கடல் மாதிரி துணைக்குறியீடு இல்லாத சொற்களில் தொடங்குகிறோம். கால், பால் என்று துணைக்கால் வரும், பிறகு கொம்பு, கொக்கி என்று ஒவ்வொன்றாக. ஒரு குறியீட்டின் வேலை புரிந்துவிட்டால் 18 எழுத்து ஒரே மூச்சில் கைக்கு வந்துவிடும். நம் எழுத்து முறையின் ஒழுங்கு இந்தக் கல்விக்கு அவ்வளவு பொருந்துகிறது. அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் பல மாண்டிசோரி பள்ளிகள் ஆங்கில எழுத்துகளை மட்டும் வாங்கி வைத்துவிட்டுத் தமிழை நோட்டுக்குத் தள்ளிவிடுகின்றன. சேர்க்கும்போது இதை அவசியம் கேளுங்கள்.

மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே வகுப்பிலா? பெரியவன் அடிக்க மாட்டானா, பெரியவனின் படிப்பு கெடாதா?

நம் கூட்டுக் குடும்பங்களில் நடந்ததுதான் இது. சின்னவள் பெரியவளைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாள், பெரியவள் சின்னவளுக்குச் சொல்லித்தரும்போது தனக்கே தெளிவாகிறது. முதல் வருடம் தம்பியாக வந்தவன் மூன்றாம் வருடம் அண்ணனாக இருப்பான், இரண்டு இடத்தையும் அனுபவித்துப் பார்க்கிறான். ஒரே வயது முப்பது பேரை அடைத்து வைக்கும்போது வருகிற போட்டி இங்கே குறைவு. அதனால்தான் மூன்றாம் வருடம் முடியும் முன்னாலேயே குழந்தையை எடுத்து வேறு பள்ளியில் போடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறோம். விதைத்ததெல்லாம் முளைக்கிற வருடம் அது.

ஸ்டார், ரேங்க், பரிசு எதுவுமே இல்லாமல் குழந்தை எப்படிப் படிக்கும்?

பரிசு இல்லாததால்தான் படிக்கும். 1973ல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் செய்த ஒரு சோதனை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. படம் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் ஓய்வு நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். பரிசு அவர்களின் ஆசையைத் தின்றுவிட்டது.

இஷ்டத்துக்கு விட்டால் கட்டுப்பாடே இல்லாமல் போய்விடுமே?

இஷ்டத்துக்கு விடுவது இல்லை இது. எந்த வேலை, எவ்வளவு நேரம், எங்கே உட்காருவது என்பதைக் குழந்தை முடிவு செய்யலாம். மற்றவரின் வேலையைக் கெடுக்கக்கூடாது, மெட்டீரியலைத் தூக்கி எறியக்கூடாது, எடுத்ததை வைக்காமல் போகக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பதே கிடையாது. எறிந்தால் டீச்சர் சத்தம் போட மாட்டார், அந்த வேலையை அமைதியாக எடுத்து வைத்துவிட்டுக் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். முதல் இரண்டு மூன்று மாதம் சில குழந்தைகள் ஓடுவார்கள், பிடுங்குவார்கள், ஒன்றிலும் நிலைக்க மாட்டார்கள். மனதுக்குப் பிடித்த ஒரு வேலை மாட்டுகிற நாளில் அது மாற ஆரம்பிக்கும். அந்த நாளைச் சீக்கிரம் வரவழைக்க மந்திரம் எதுவும் இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும்.

கற்பனை, கதை, விளையாட்டு இதெல்லாம் குறைவு என்கிறார்களே?

நியாயமான விமர்சனம்தான், புதிதும் இல்லை. 1914லேயே வில்லியம் கில்பாட்ரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர், மெட்டீரியல்கள் ரொம்பக் கறாராக இருக்கின்றன, சேர்ந்து செய்வதற்கும் கற்பனைக்கும் இடம் போதவில்லை என்று எழுதினார். ஆறு வயதுக்குள் குழந்தைக்கு நிஜ உலகம்தான் முதலில் வேண்டும், பொம்மை அடுப்பைவிட நிஜமாகச் சப்பாத்தி தேய்ப்பதே அதற்குப் பிடிக்கும் என்பது மாண்டிசோரியின் பக்கம். பெரும்பாலும் அது உண்மை என்று நானும் பார்க்கிறேன். ஆனால் கதை சொல்லாத, மண்ணில் விளையாட விடாத வகுப்பு எனக்கு உவப்பானது இல்லை. பள்ளி விட்டு வந்த பிறகு தெருவில், மாடியில், பாட்டி மடியில் கிடைக்க வேண்டியதை இன்னொரு டியூஷனால் நிரப்பிவிட்டுக் கற்பனை இல்லை என்று பள்ளியைக் குறை சொல்லவும் முடியாது.

பலன் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. மாண்டிசோரி பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோரே வேறு மாதிரி இருப்பார்கள், அதனால் ஒப்பிடுவது கஷ்டம் என்ற சிக்கல் எப்போதும் இருந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அரசு மாண்டிசோரி பள்ளிக்குக் குலுக்கலில்தான் இடம். குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2006ல் சயன்ஸ் இதழில் வந்தது. ஐந்து வயதில் வாசிப்பு, கணக்கு, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது, மற்றவர்களோடு நியாயமாக நடந்துகொள்வது எல்லாவற்றிலும் மாண்டிசோரி குழந்தைகள் முன்னால் இருந்தார்கள். 2017ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 141 குழந்தைகளை வைத்து இதே போலச் செய்த ஆய்வில், ஏழைக் குழந்தைகளுக்கும் வசதியான குழந்தைகளுக்கும் இருந்த இடைவெளி மாண்டிசோரியில் குறைந்துகொண்டே வந்தது. 2012ல் வந்த இன்னோர் ஆய்வு நம்மூர்ப் பெற்றோருக்கு இன்னும் முக்கியம்: மெட்டீரியலோடு ஒர்க்ஷீட்டும் பொம்மையும் கலந்த வகுப்புகளைவிட, முறையை அப்படியே கடைப்பிடித்த வகுப்புகளில்தான் பலன் அதிகம்.

ஒன்றாம் வகுப்புக்கு சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போனால் திண்டாடுமா?

பாடத்தில் திண்டாடாது, பெரும்பாலும் முன்னாலேயே இருக்கும். நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்வதும், தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பதும், போர்டைப் பார்த்து எழுதுவதும்தான் புதிது. ஒரு சில வாரம் சோர்வாக வரும், "ஏன் எல்லாரும் ஒரே வேலையைச் செய்யணும்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை அடக்காமல் பதில் சொல்லுங்கள். அப்புறம், ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குக் குழந்தைக்குத் தேர்வு வைப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. அந்தப் பயத்தில் யு.கே.ஜி. வயதில் டியூஷன் வைக்காதீர்கள்.

ஃபீஸ் கட்ட வசதியில்லாதவர்களுக்கு?

முழு மெட்டீரியலும் பயிற்சி பெற்ற டீச்சரும் செலவுதான், அதனால் நல்ல பள்ளிகள் பெரும்பாலும் நகரங்களில் வசதியுள்ளவர்களிடமே நின்றுவிட்டன. சான் லொரென்சோவில் தொடங்கியது இப்படி ஆனது எனக்குப் பெரிய குறை. ஆனால் தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி இருந்தது. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றல். ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் கிராமப்புறக் கல்வி மையம் உருவாக்கிய அட்டை முறையைப் பின்பற்றியது அது. எதற்குப் பிறகு எந்த அட்டை என்று காட்டுகிற ஏணிப்படிப் படத்தைப் பார்த்து அட்டை எடுத்து, பாயில் குழுவாக உட்கார்ந்து, தன் வேகத்தில் படிப்பது, குழந்தை உயரத்துக்குக் கரும்பலகை. அப்படியே மாண்டிசோரி இல்லை, ஆனால் அதே நம்பிக்கை. சரியாக நடந்த பள்ளிகளில் பிள்ளைகள் வாத்தியாரிடம் பயமில்லாமல் பேசினார்கள். ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நல்ல பள்ளியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேலை நேரத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். முடியவே முடியாது என்றால் யோசியுங்கள். உட்கார்ந்தால் சுவரைப் பார்க்காதீர்கள், குழந்தைகளின் கைகளைப் பாருங்கள். டீச்சர் எங்கே பயிற்சி எடுத்தார், எவ்வளவு காலம் எடுத்தார் என்று கேளுங்கள், ஒரு வாரப் பட்டறை போதாது. இடைவிடாத வேலை நேரம் எவ்வளவு? மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளவர்கள் ஒரே வகுப்பில் கலந்திருக்கிறார்களா? தமிழ் மெட்டீரியல் இருக்கிறதா? வீட்டுப்பாடம் உண்டா? ஆண்டு விழாவுக்கு எத்தனை வாரம் ஒத்திகை என்றும் கேளுங்கள், அந்தப் பதிலே நிறையச் சொல்லிவிடும்.

பள்ளி கிடைக்கவில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?

மெட்டீரியல் வாங்காதீர்கள். பிங்க் டவர் வீட்டில் இரண்டு நாளில் சாதாரணக் கட்டையாகிவிடும். குழந்தையின் தட்டு, டம்ளர், துணி, சீப்பு எல்லாம் அதன் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும். பட்டாணி உரிக்கட்டும், சட்டை மடிக்கட்டும், கறிவேப்பிலை ஆயட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். மெதுவாக ஒரு முறை செய்து காட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகும்போது இது நடக்காது, ஞாயிற்றுக்கிழமையாவது செய்யுங்கள். அது எதிலாவது ஆழ்ந்திருக்கும்போது சாப்பிடக் கூப்பிடாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள், ஒரு ஐந்து நிமிடம் சாப்பாடு ஆறினால் பரவாயில்லை.